மலைச்சரிவில் எழுந்த வீடு

இலங்கையின் கண்டி நகரைச் சுற்றிலும் குன்றுகள். அங்கே வீடு கட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் மண்வெட்டியைத்தான் தேடுவார்கள். சரிவை வெட்டி, நிலத்தைச் சமப்படுத்தி, அதன்மேல் அடித்தளம் போடுவதே வழக்கம். 1940களின் இறுதியில் கருணாரத்ன என்னும் குடும்பத்தார் அத்தகைய சரிவு நிலம் ஒன்றில் வீடு கட்ட எண்ணினர். அப்பணியை முப்பது வயதைச் சற்றே கடந்த ஒரு பெண்ணிடம் ஒப்படைத்தனர். அவர் குன்றைத் தட்டையாக்கவில்லை. வீட்டையே இரண்டு மட்டங்களாகப் பிரித்து, சரிவோடு சேர்ந்து இறங்கிவரும்படி வரைந்தார். அவர் பெயர் மினெட் டி சில்வா. இலங்கையில் ஒரு பெண் வடிவமைத்த முதல் கட்டடம் அதுவே.

மினெட் 1918ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள் கண்டியில் பிறந்தார். தந்தை ஜார்ஜ் டி சில்வா சிங்கள பௌத்தர், வழக்கறிஞர், பிற்காலத்தில் சுகாதார அமைச்சராகப் பணியாற்றியவர். தாய் ஆக்னஸ் நெல், பறங்கியர் எனப்படும் ஐரோப்பிய வழித்தோன்றல் சமூகத்தைச் சேர்ந்த கிறிஸ்துவர். இரண்டு சமயங்கள், இரண்டு இனங்கள் கலந்த அந்த வீட்டில் அரசியல் பேச்சுக்குக் குறைவிருக்கவில்லை.

தாய் ஆக்னஸைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்லியே ஆகவேண்டும். 1920களின் பிற்பாதியில் டொனமூர் பிரபுவின் தலைமையில் ஓர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தது. யார் யாருக்கு வாக்குரிமை தரலாம் என்பது அக்குழு ஆராய்ந்தவற்றுள் ஒன்று. பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்று கேட்டு அதன்முன் சென்ற மகளிர் குழுவில் ஆக்னஸ் முன்னின்றார். தேயிலைத் தோட்டங்களில் உழைக்கும் தமிழ்ப் பெண்களுக்கும் அந்த உரிமை வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. அவர்களும் பெண்கள்தாமே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்று ஆக்னஸ் தயங்காமல் விடையளித்தார். இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த முன்னோரைக் கொண்ட மலேசியத் தமிழர்களுக்கு இந்த விடையின் எடை எளிதில் புரியும். 1931ஆம் ஆண்டு இலங்கையில் அனைவருக்குமான வாக்குரிமை நடைமுறைக்கு வந்தது. அப்போது மினெட்டுக்கு வயது பதின்மூன்று.

மினெட்டின் பள்ளிப் படிப்பு சீராக அமையவில்லை. சிறிது காலம் இங்கிலாந்தில் படித்தார். பின் கொழும்பில் படித்தார். குடும்பத்தின் பணநெருக்கடியால் பள்ளி இறுதித் தேர்வை எழுதாமலேயே வெளியேற வேண்டியதாயிற்று. ஆனால், கட்டடக் கலைஞர் ஆகவேண்டும் என்ற எண்ணம் மட்டும் அவர் மனத்தை விட்டு அகலவில்லை. அந்நாளில் இலங்கையில் அதைக் கற்பிக்கும் கல்விக்கூடம் கிடையாது. பெண் ஒருத்தி அந்தத் தொழிலுக்குப் போவதைத் தந்தையும் விரும்பவில்லை. அரசியலில் முற்போக்காக இருந்தவர், மகளின் தொழில் என்று வந்தபோது பின்வாங்கினார். எனினும் மகளின் பிடிவாதமே வென்றது. 1938ஆம் ஆண்டு மினெட் பம்பாய்க்குக் கப்பலேறினார்.

தேர்வுச் சான்றிதழ் இல்லாததால் பம்பாயிலும் கல்லூரிக் கதவு உடனே திறக்கவில்லை. மிஸ்திரி, பேட்வார் என்போரின் கட்டட அலுவலகத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். இந்தியாவின் முதல் பெண் கட்டடக் கலைஞர்களுள் ஒருவரான பெரின் மிஸ்திரி அங்கே அவருக்குத் தோழியானார். பகலில் அலுவலகம், மற்ற நேரத்தில் தனி வகுப்புகள் என்று உழைத்து, இறுதியில் புகழ்பெற்ற ஜே. ஜே. கலைப்பள்ளியில் கட்டடக் கலை மாணவியானார். அக்காள் அனில் கலை வரலாற்றில் ஈடுபாடு உடையவர். எழுத்தாளர் முல்க் ராஜ் ஆனந்தை ஆசிரியராகக் கொண்டு 1946இல் வெளிவரத் தொடங்கிய மார்க் என்னும் கலை இதழை உருவாக்கிய குழுவில் சகோதரிகள் இருவரும் இடம்பெற்றனர். அந்த இதழ் இன்றளவும் வெளிவருகிறது.

1942ஆம் ஆண்டு இந்தியாவில் வெள்ளையனே வெளியேறு போராட்டம் வெடித்தது. காந்தியடிகள் கைது செய்யப்பட்டார். அவரை விடுதலை செய்யக் கோரிய ஊர்வலத்தில் மினெட்டும் நடந்தார். கல்லூரி அவரிடம் மன்னிப்புக் கடிதம் கேட்டது. ஒரு தாளில் இரண்டு வரி எழுதிக் கொடுத்திருந்தால் படிப்பைத் தொடர்ந்திருக்கலாம். அவர் எழுத மறுத்தார், கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். எத்தனையோ தடைகளைத் தாண்டிப் பெற்ற இடம் அப்படிப் பறிபோனது.

கைவிட்டுப் போனது கல்லூரி; தொழில் கைவிடவில்லை. ஹிட்லரின் ஆட்சிக்குத் தப்பி இந்தியா வந்திருந்த ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர் என்னும் செர்மானியக் கட்டடக் கலைஞர் அப்போது மைசூர் அரசில் பணியாற்றிக்கொண்டிருந்தார். பெங்களூரில் இருந்த அவரிடம் மினெட் வேலைக்குச் சேர்ந்தார். டாட்டா நிறுவனத்தின் எஃகு நகரமான ஜாம்ஷெட்பூரின் விரிவாக்கத் திட்டத்திலும் அவருக்குப் பங்கு கிடைத்தது. தொழிலாளர்களுக்குக் குறைந்த செலவில், விரைவாக, பெரும் எண்ணிக்கையில் வீடு கட்டுவது எப்படி என்ற கேள்வியை அவர் முதன்முதலில் நேருக்கு நேர் சந்தித்தது அங்கேதான். பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் அந்தக் கேள்விக்குத் தமக்கே உரிய விடையை அவர் கண்டார்.

பின்னாளில் இலங்கையின் தலைமை ஆளுநரான சோல்பரி பிரபுவின் உதவியால் அவருக்கு இலண்டனில் மீண்டும் படிக்கும் வாய்ப்புக் கிட்டியது. 1945இல் அங்குள்ள ஆர்க்கிடெக்சரல் அசோசியேஷன் என்னும் பள்ளியில் சேர்ந்தார். போரில் குண்டு விழுந்து சிதைந்திருந்த இலண்டன் மாநகரம் தன்னை மீண்டும் கட்டிக்கொள்ளத் தொடங்கிய காலம் அது. பழைய அலங்காரங்களைக் களைந்துவிட்டு, கான்கிரீட்டும் எஃகும் கண்ணாடியும் கொண்டு எளிமையாகக் கட்டவேண்டும் என்ற நவீனக் கட்டடக் கலை இயக்கம் ஐரோப்பா முழுவதும் பரவிக்கொண்டிருந்தது. அவ்வியக்கத்தின் அனைத்துலக மாநாடு 1947இல் இங்கிலாந்தின் பிரிட்ஜ்வாட்டர் நகரில் கூடியது. அதில் மினெட்டும் பங்கேற்றார். சேலை உடுத்தி, கூந்தலில் பூச்சூடிக் கூட்டங்களுக்கு வரும் அந்த இளம்பெண்ணை அங்கு யாரும் கவனிக்காமல் இருந்திருக்க முடியாது. இயக்கத்தின் பெருந்தலைவராகிய லெ கார்பூசியே அவருக்கு நண்பரானார். அவர்களுக்கிடையே கடிதப் போக்குவரத்துப் பல ஆண்டுகள் நீடித்தது.

1948ஆம் ஆண்டு பிரிட்டிஷ் அரச கட்டடக் கலைஞர் கழகம் மினெட்டை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அத்தகுதியைப் பெற்ற முதல் ஆசியப் பெண் அவரே. அதே ஆண்டில் போலந்து நாட்டில் நடந்த உலக அறிஞர் மாநாட்டில் ஓவியர் பிக்காசோவுடன் அவர் நிற்கும் ஒளிப்படம் இன்றும் பல நூல்களில் காணப்படுகிறது. ஐரோப்பாவிலேயே தங்கியிருந்தால் அவருடைய வாழ்க்கை எளிதாக இருந்திருக்கலாம். ஆனால், இலங்கை விடுதலை பெற்றுவிட்டது. புதிய நாட்டுக்குப் பணியாற்ற மகள் திரும்பி வரவேண்டும் என்று தந்தை வற்புறுத்தினார். மினெட் கண்டிக்குத் திரும்பினார். செயின்ட் ஜார்ஜஸ் என்னும் தம் பெற்றோரின் வீட்டிலேயே அலுவலகம் தொடங்கினார். 1950இல் தந்தை காலமானார்.

கருணாரத்ன வீடு அந்த அலுவலகத்தின் முதல் பணி. அந்த வீட்டுக்குள் நுழைந்தால் இரண்டு உலகங்களை ஒருங்கே காணலாம். ஒருபுறம் ஐரோப்பாவில் கற்ற கான்கிரீட்டும் கண்ணாடிக் கட்டிகளும். மறுபுறம் கண்டிப் பகுதிக் கைவினைஞர்களின் வேலைப்பாடு. நடனக் கலைஞர்களின் உருவம் பதித்த சுடுமண் ஓடுகளைச் சுவரில் பொருத்தினார். தும்பர பள்ளத்தாக்கில் நார்கொண்டு நெய்யப்படும் பாய்களைத் தரையில் விரிக்காமல் கதவுப் பலகைகளில் பதித்தார். ஓவியர் ஜார்ஜ் கீட் வரவேற்பறையின் சுவரில் பெரியதோர் ஓவியம் தீட்டினார். 1951இல் வீடு முடிந்தது.

பாய் நெய்பவரையும் ஓடு சுடுபவரையும் நவீன வீட்டுக்குள் அழைத்து வந்ததுதான் மினெட் செய்த பெரிய செயல் எனலாம். அதற்கு ஒரு காரணம் உண்டு. ஆங்கிலேயர் ஆட்சியில் மேல்தட்டு மக்கள் ஐரோப்பியப் பொருள்களையே நாடியதால், கைவினைஞர்கள் பலர் வேலையின்றி நலிந்திருந்தனர். கொழும்பில் பிறந்த தமிழ் அறிஞர் ஆனந்த குமாரசுவாமி 1908ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றி வருந்தி எழுதியிருந்தார். கைவினைப் பொருளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் போற்றினால் கைவினைஞர் வாழமுடியாது. அன்றாடம் கட்டப்படும் வீடுகளில் அவருக்கு வேலை இருக்கவேண்டும். மினெட் அந்த வேலையைக் கொடுத்தார்.

தம்முடைய இந்த அணுகுமுறைக்கு அவர் வட்டார நவீனக் கட்டடக் கலை எனப் பொருள்படும் ஒரு பெயரை 1950களிலேயே சூட்டினார். மேற்கத்தியக் கட்டடத்தை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து வெப்ப நாட்டில் நட்டால் அது சரிவராது என்பது அவர் கருத்து. பழைய அரண்மனையைப் போலப் போலியாகக் கட்டுவதையும் அவர் ஏற்கவில்லை. வெயில், மழை, காற்று, மண், அங்கு வாழும் மக்களின் பழக்கவழக்கம் ஆகியவற்றிலிருந்தே வடிவம் பிறக்கவேண்டும் என்றார். இன்று கட்டடக் கலை மாணவர்களுக்குப் பாடமாக இருக்கும் இக்கருத்தை மேற்கு நாட்டு அறிஞர்கள் விரிவாக எழுதத் தொடங்கியது 1980களில்தான். முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அதைச் சொன்னவரின் பெயர் அந்த நூல்களில் பெரும்பாலும் இடம்பெறவில்லை.

கொழும்பில் அவர் கட்டிய பீரிஸ் வீடு இக்கருத்துக்கு நல்ல சான்று. நகரத்தில் நிலம் குறுகலானது. எனவே, வீட்டைத் தூண்கள்மேல் உயர்த்தினார். கீழே நிழலான திறந்தவெளி கிடைத்தது. காற்று தடையின்றி உலாவியது. வீட்டின் நடுவில் வானம் தெரியும் முற்றம் அமைத்தார். இத்தகைய முற்றத்தைச் செட்டிநாட்டு வீடுகளிலும் காணலாம். மலாக்காவின் பழைய பாபா வீடுகளிலும் காணலாம். சூடான காற்று மேலே எழுந்து முற்றத்தின் வழியாக வெளியேறும். குளிர்ந்த காற்று தாழ்வாரங்களிலிருந்து உள்ளே வரும். மின்விசிறி இல்லாத காலத்து மக்கள் கண்டறிந்த வழி இது. மாடிப்படியின் கைப்பிடிக் கம்புகளை மரபுவழி அரக்கு வேலைக்காரர்களைக் கொண்டு வண்ணமூட்டினார். கிரெகரி சாலையில் அவர் கட்டிய சேனநாயக்க அடுக்குமாடி வீடுகளிலும் இதே அக்கறை உண்டு.

ஆனால், அவர் பணிகளுள் தலையாயது எது என்று கேட்டால், வட்டப்புளுவ என்ற பெயரைத்தான் சொல்லவேண்டும். 1950களின் பிற்பாதியில் கண்டிப் பகுதி அரசு ஊழியர்கள் கூட்டுறவு முறையில் வீடுகள் கட்ட முனைந்தனர். மகாவலி ஆற்றின் அருகே ஏறத்தாழ 250 வீடுகள். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் என எல்லாச் சமூகத்தாரும் அந்தக் குடியிருப்பில் இடம்பெற இருந்தனர்.

பாசிர் கூடாங் போன்ற தொழில் நகரில் வளரும் மாணவர்களுக்குத் தாமான் என்பது நன்கு தெரிந்த ஒன்று. துறைமுகமும் தொழிற்சாலைகளும் வந்தபோது, வேலைக்கு வந்தவர்களுக்காக வரிசை வரிசையாக வீடுகள் எழுந்தன. ஒரே அளவு முன்வாசல், ஒரே அளவு சமையலறை. வீட்டுக்குள் யார் குடிவரப் போகிறார்கள் என்பது கட்டுபவருக்குத் தெரியாது. குடிவந்த பிறகுதான் ஒருவர் பூசையறைக்கு இடம் தேடுவார். இன்னொருவர் பின்புறச் சுவரை இடித்துச் சமையலறையை நீட்டுவார். உலகெங்கும் பெரிய குடியிருப்புகள் பொதுவாக இப்படித்தான் கட்டப்படுகின்றன.

மினெட் வேறு வழியில் சென்றார். வரைபடம் போடுவதற்கு முன்னால், குடிவரப் போகிறவர்களைக் கூட்டிப் பேசினார். அவர்களுக்குக் கேள்வித்தாள்கள் கொடுத்தார். குடும்பத்தில் எத்தனை பேர், மாத வருமானம் எவ்வளவு, சமையல் எப்படி, வழிபாடு எங்கே, விருந்தினர் வந்தால் எங்கே தங்குவர் என்பன போன்றவற்றை அறிந்துகொண்டார். அந்த விடைகளைத் தொகுத்துச் சில மாதிரி வீடுகளை உருவாக்கினார். ஒவ்வொரு குடும்பமும் தனக்கு ஏற்ற மாதிரியைத் தேர்ந்தெடுத்து, வேண்டிய மாற்றங்களைச் செய்துகொள்ள இடம் வைத்தார். இங்கும் நிலத்தைத் தட்டையாக்கவில்லை. சரிவுக்கேற்ப வீடுகளை அமைத்து, இருந்த மரங்களையும் இயன்றவரை காத்தார். நூற்றுக்கணக்கான குடும்பங்களை ஒவ்வொன்றாகக் கேட்டு வீடு வரைவது எத்தகைய வேலை என்பதை எண்ணிப் பார்க்கலாம். கணினி இல்லாத காலம். உதவிக்கு இருந்தவர்களும் சிலரே. 1958இல் அந்தத் திட்டம் உருப்பெற்றது. குடியிருப்போரைக் கலந்து வீடு கட்டுவது பற்றி உலகம் பெரிதாகப் பேசத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

இத்தனை செய்தவர் எளிதாக உயர்ந்துவிடவில்லை. பெண் ஒருத்தி கட்டுமான இடத்தில் நின்று கட்டளையிடுவதைக் குத்தகைக்காரர்கள் பலர் விரும்பவில்லை. அவர் வரைந்ததை ஆண் பொறியாளர் ஒருவர் சரிபார்த்தால்தான் நம்புவோம் என்ற மனப்போக்கும் இருந்தது. மினெட்டும் எளிதில் விட்டுக்கொடுப்பவர் அல்லர். செலவைவிடச் செய்நேர்த்தியையே பெரிதாக எண்ணுபவர். இதனால் பணிகள் தாமதமாகும். வாடிக்கையாளர்களுடன் உரசலும் ஏற்படும். 1960களின் தொடக்கத்தில் தாயை இழந்தார். அந்த இழப்பு அவரை வெகுவாகத் தளரச் செய்தது. உடல்நலமும் குன்றியது. வேலைகள் குறைந்தன.

அதே காலத்தில் கொழும்பில் இன்னொரு பெயர் ஒலிக்கத் தொடங்கியது. மினெட்டைவிட ஒரு வயது இளையவரான ஜெஃப்ரி பாவா முதலில் வழக்கறிஞராக இருந்து, பின் இலண்டனில் அதே பள்ளியில் கட்டடக் கலை பயின்று 1957இல் தகுதி பெற்றவர். முற்றமும் தாழ்வாரமும் ஓட்டுக் கூரையும் கொண்ட அவருடைய கட்டடங்கள் உலகப் புகழ் பெற்றன. இலங்கையின் நாடாளுமன்றக் கட்டடமும் அவர் வடிவமைத்ததே. பாவாவின் திறமை ஐயத்துக்கு இடமற்றது. எனினும், அவர் கட்டடக் கலைஞராகத் தகுதி பெறும் முன்பே கருணாரத்ன வீட்டில் மக்கள் குடியேறிவிட்டனர் என்பதையும் மறக்கலாகாது. பாவாவைப் பற்றிப் பேசிய பலர் மினெட்டைப் பற்றிப் பேசவில்லை.

1973இல் மினெட் இலண்டனுக்குச் சென்றார். கட்டடக் கலை மாணவர்கள் உலகெங்கும் பயன்படுத்தும் பானிஸ்டர் ஃபிளெச்சரின் வரலாற்று நூலுக்குப் புதிய பதிப்பு தயாராகிக்கொண்டிருந்தது. அதில் தெற்காசியா பற்றிய பகுதியை அவர் எழுதினார். அதன்பின் 1975 முதல் 1979 வரை ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் கட்டடக் கலை வரலாறு கற்பித்தார். ஆசிய மாணவர்கள் கிரேக்கக் கோயில்களையும் ஐரோப்பியத் தேவாலயங்களையும் மட்டும் படித்துவிட்டுப் போவது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆசியக் கிராமத்து வீடுகள், கோயில்கள், ஊரமைப்புகள் ஆகியவற்றையும் பாடமாக்கினார். அவர் ஆசிய நாடுகளில் எடுத்துச் சேர்த்த ஒளிப்படங்கள் அதற்குத் துணை நின்றன.

அறுபது வயதைக் கடந்த பிறகு மீண்டும் கண்டிக்கு வந்து அலுவலகத்தைத் திறக்க முயன்றார். காலம் மாறியிருந்தது. பயிற்சி பெற்ற பணியாளர்கள் கிடைப்பது அரிதாயிற்று, பணமும் இல்லை. அந்த நிலையிலும் ஒரு பெரிய பணி அவரைத் தேடி வந்தது. 1882இல் தொடங்கப்பட்ட கண்டிக் கலைக் கழகம், தன் நூற்றாண்டு நினைவாக ஒரு பண்பாட்டு நிலையம் கட்ட விரும்பியது. புனிதப் பல் பேணப்படும் தலதா மாளிகைக்கு அருகில், ஏரியை ஒட்டிய இடம். ஓட்டுக் கூரைகளும் திறந்த மண்டபமும் தாழ்வாரங்களும் கொண்டு அந்தக் கட்டடத்தை அவர் வடிவமைத்தார். கைவினைஞர்களின் வேலைப்பாடு இங்கும் இடம்பெற்றது. 1980களில் அது திறக்கப்பட்டது. அதுவே அவருடைய இறுதிப் பெரும்பணி.

1996ஆம் ஆண்டு இலங்கைக் கட்டடக் கலைஞர் நிறுவனம் மினெட்டுக்குத் தங்கப் பதக்கம் வழங்கிச் சிறப்பித்தது. அப்போது அவருக்கு வயது 78. செயின்ட் ஜார்ஜஸ் வீடு பழுதடைந்து கிடந்தது. கடிதங்கள், வரைபடங்கள், செய்தித்தாள் நறுக்குகள், ஒளிப்படங்கள் ஆகியவற்றை அடுக்கித் தம் வாழ்க்கை வரலாற்றை ஒரு பெரிய நூலாக அவர் தொகுத்துக்கொண்டிருந்தார். பிறர் எழுதாததைத் தாமே எழுதி வைத்துவிட வேண்டும் என்ற முனைப்பு அதன் பக்கங்களில் தெரிகிறது. 1998ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் நாள், கையில் பணமின்றி, தனிமையில், கண்டியில் அவர் காலமானார். ஓர் ஆசியப் பெண் கட்டடக் கலைஞரின் வாழ்வும் பணியும் என்று பொருள்படும் தலைப்புடன் அந்த நூலின் முதல் தொகுதி அதே ஆண்டைத் தாங்கி வெளிவந்தது.

அவர் கட்டியவற்றுள் பல இன்று இல்லை. கொழும்பில் நிலத்தின் விலை ஏற ஏற, பழைய வீடுகள் இடிக்கப்பட்டன. எஞ்சியவற்றுள் சில கவனிப்பாரின்றி நலிந்தன. எனினும், அண்மைக் காலத்தில் ஆய்வாளர்கள் அவருடைய வரைபடங்களைத் தேடத் தொடங்கியுள்ளனர். 2022இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் தெற்காசியக் கட்டடக் கலை பற்றி நடத்திய கண்காட்சியில் அவருடைய பணிக்கும் இடம் கிடைத்தது.

வட்டப்புளுவவில் இன்றும் மக்கள் குடியிருக்கின்றனர். முதலில் குடிவந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அந்த வீடுகளில் வளர்ந்திருக்கிறார்கள். சிலர் அறைகளைக் கூட்டியிருக்கின்றனர். சிலர் முன்புறத்தை மாற்றியிருக்கின்றனர். சிலர் மாடி எழுப்பியிருக்கின்றனர். சாலைகள் மட்டும் குன்றின் சரிவோடு வளைந்து வளைந்து, அவர் வரைந்தபடியே செல்கின்றன.